உற்பத்தியாளர் வகுத்த வடிவம்: ஒரு வேனுக்கு நான்கு சக்கர இயக்கம் பொருத்துவது பற்றிய வரலாற்றுக் குறிப்புகள்

மாருதி ஆம்னி வேன் வைத்திருக்கும் ஒருவர், விடுமுறை நாட்களில் வீட்டு முற்றத்திலேயே வைத்து அதன் முன்சக்கரங்களுக்கும் எஞ்சினின் விசை சேரும்படி மாற்றியமைக்க விரும்புகிறார் என்று கொள்வோம். மலைப்பாதையில் ஏற வேண்டும், மழைக்காலச் சேற்றில் சிக்கினால் பிறர் தள்ளாமல் வெளியே வர வேண்டும் என்பதற்கு மேல் அவருக்கு நோக்கம் எதுவுமில்லை. வேலை முடிந்து வண்டி சாலையில் இறங்கும் நாளில் அவர் இந்தியச் சட்டத்தின் பார்வையில் குற்றமிழைத்தவராகிறார். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, அனுமதிக்கப்படாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் தண்டம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். 1960இல் இதே எண்ணம் கொண்ட ஒருவர் தாம் செய்யப்போகும் மாற்றத்தைப் பதிவு அதிகாரிக்கு எழுத்தில் தெரிவித்து இசைவு பெற வேண்டியிருந்தது. அதிகாரி மறுக்கலாம், இழுத்தடிக்கலாம். ஆனால் கேட்பதற்கு ஒரு வாசல் இருந்தது.

அந்த வாசல் எப்போது, எவ்வாறு அடைபட்டது என்பதே இக்குறிப்புகளின் பொருள். தொழில்நுட்ப வரலாற்றை ஆய்வோர் பெரும்பாலும் கண்டுபிடிப்புகளையும் ஆலைகளையும் பின்தொடர்கின்றனர். டேவிட் எட்ஜர்டன் 2006இல் வெளியிட்ட ‘தி ஷாக் ஆஃப் தி ஓல்ட்’ என்ற நூலில், பயன்பாட்டையும் பழுதுபார்ப்பையும் மையமாக வைத்து இவ்வரலாற்றைத் திருப்பி எழுத வேண்டும் என்று வாதிட்டார். டேவிட் ஆர்னால்டு 2013இல் இந்தியாவின் தையல் இயந்திரம், மிதிவண்டி, தட்டச்சு இயந்திரம், அரிசி ஆலை ஆகியவற்றைக் கொண்டு அப்படிப்பட்ட வரலாறு ஒன்றை எழுதிக் காட்டினார். மோட்டார் வாகனத்துக்கு அப்பணி இன்னும் அரைகுறையாகவே நிற்கிறது. வாகனத்தை மாற்றியமைத்தவர்களின் பக்கம் நாம் போதுமான அளவு பார்க்கவில்லை.

முதலில் அந்த வேலை எத்தகையது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இதை அறியாதவர்கள், முன்பக்கத்தில் இன்னொரு அச்சைப் பூட்டினால் முடிந்துவிடும் என்று எண்ணுகின்றனர். ஆம்னி போன்ற வண்டியில் எஞ்சினின் சுழற்சி கியர்பாக்ஸ் வழியாகப் புரொப்பெல்லர் ஷாஃப்டுக்குச் சென்று, அங்கிருந்து பின் அச்சின் நடுவிலுள்ள டிஃபரன்ஷியலை அடைகிறது. நான்கு சக்கரமும் இயங்க வேண்டுமானால் கியர்பாக்ஸுக்குப் பின்னால் டிரான்ஸ்ஃபர் கேஸ் என்ற இன்னொரு பற்சக்கரப் பெட்டி வேண்டும். அது சுழற்சியை இரண்டாகப் பிரித்து முன்னும் பின்னும் அனுப்பும். முன்சக்கரங்கள் திரும்பவும் வேண்டும், சுழலவும் வேண்டும் என்பதால் ஒவ்வொரு முன்சக்கரத்தின் அருகிலும், வளைந்த நிலையிலும் சுழற்சியைத் தடையின்றிக் கடத்தும் இணைப்பு தேவை. நான்கு சக்கர இயக்கத்தின் வரலாற்றில் நெடுங்காலம் முட்டுக்கட்டையாக இருந்தது இந்த இணைப்புத்தான். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க ஆலைகளால்கூட இதை ஒரே வகையில் போதுமான அளவு செய்ய முடியவில்லை. ஆகவே போர்க்கால ஜீப்புகளில் பெண்டிக்ஸ், ரெப்பா, டிராக்டா எனப் பல வகை இணைப்புகள் காணப்படுகின்றன.

அடுத்தது பல்விகிதம். முன் அச்சும் பின் அச்சும் ஒரே விகிதத்தில் இருக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, பின் அச்சின் விகிதம் 4.5 என்றும், வேறொரு வண்டியிலிருந்து கழற்றிவந்த முன் அச்சின் விகிதம் 4.1 என்றும் வைத்துக்கொள்வோம். இரண்டு ஷாஃப்டும் ஒரே வேகத்தில் சுழலும்போது முன்சக்கரம் 100 மீட்டர் உருளும் நேரத்தில் பின்சக்கரம் ஏறக்குறைய 91 மீட்டர்தான் உருள முயலும். அந்த 9 மீட்டரை டயர் தேய்ந்து ஈடுகட்ட வேண்டும், அல்லது ஏதேனும் ஒரு பல் முறிய வேண்டும். எனவே விவரமறிந்த பட்டறைக்காரர் ஓர் அச்சை வாங்குமுன் அதன் இரு சக்கரங்களையும் சேர்த்து ஒரு முழுச் சுற்றுச் சுழற்றி, ஷாஃப்டு எத்தனை முறை சுற்றுகிறது என்று சுண்ணக்கட்டிக் கோடு போட்டு எண்ணுவார். ஐயமிருந்தால் மூடியைத் திறந்து கிரவுன், பினியன் இரண்டின் பற்களையும் எண்ணுவார். ‘நாட்டு வேலை’ என்று நாம் எளிதாகக் கடந்துபோகும் செயலுக்குள் இப்படி ஒரு கணக்கு இருக்கிறது.

விகிதம் பொருந்தினாலும் இன்னொரு சிக்கல் எஞ்சும். வண்டி வளையும்போது முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட நீண்ட தொலைவைக் கடக்கின்றன. இரு அச்சுகளுக்கும் இடையே டிஃபரன்ஷியல் இல்லாத எளிய அமைப்பில் இந்த வேறுபாடு ஷாஃப்டுகளில் முறுக்கமாகத் தேங்கும். சேற்றிலும் மணலிலும் சக்கரம் சற்றே வழுக்கி முறுக்கம் அவிழ்ந்துவிடும். காய்ந்த தார்ச்சாலையில் அவிழாது. ஆகையால்தான் பழைய ஜீப்பிலும் ஜிப்ஸியிலும் தேவைப்படும்போது மட்டும் போட்டு எடுக்கும் நெம்புகோல் வைத்தார்கள். நல்ல சாலை வந்தால் அதை எடுத்துவிட வேண்டும் என்பது மலையோர ஓட்டுநருக்குக் கைவந்த பாடம்.

ஆம்னிக்கு வருவோம். அதன் எஞ்சின் முன் இருக்கைகளின் அடியில் கிடக்கிறது. பின்பக்கம் பட்டை ஸ்பிரிங்கில் அமர்ந்த முழு அச்சு. முன்பக்கமோ சக்கரங்கள் தனித்தனி ஸ்ட்ரட்டுகளில் தொங்குகின்றன. அங்கே விசை கடத்தும் அச்சுக்கென்று இடம் விடப்படவில்லை. இதைச் செய்ய முனைவோரின் கண் இயல்பாகவே மாருதி ஜிப்ஸியின் மீது விழும். 1985இல் வந்த ஜிப்ஸியில் டிரான்ஸ்ஃபர் கேஸ் கியர்பாக்ஸோடு ஒட்டிப் பூட்டப்படாமல் தனித்து அமைந்து, ஒரு குட்டை ஷாஃப்டால் இணைக்கப்பட்டிருக்கிறது. ஜீப்பின் டிரான்ஸ்ஃபர் கேஸ் அப்படியன்று. அது கியர்பாக்ஸின் முதுகிலேயே ஏறி உட்கார்ந்திருக்கும். அந்தக் கியர்பாக்ஸ் இல்லாமல் அதை மட்டும் எடுத்துப் பயன்படுத்துவது கடினம். தனித்து நிற்கும் பெட்டியை எந்தக் கியர்பாக்ஸுக்குப் பின்னாலும் வைக்கலாம். பெட்டி இவ்வாறு கிடைத்தாலும் முன்பக்கத்தில் தாங்கிகளை அறுத்து, ஜிப்ஸியின் முன் அச்சையும் பட்டை ஸ்பிரிங்கையும் ஏற்கும்படி புதிய இருப்பிடம் பற்றவைத்து, ஸ்டியரிங் கம்பிகளின் கோணத்தையும் பிரேக் குழாய்களையும் மாற்ற வேண்டும். வண்டி உயரும், உயர்ந்தால் கவிழும் வாய்ப்பும் கூடும். அடக்கவிலையைக் கூட்டிப் பார்த்தால் பழைய ஜிப்ஸி ஒன்றையே வாங்கிவிடலாம் என்று நண்பர்கள் சொல்வார்கள், அதில் நியாயமும் உண்டு. ஆனால் ஜிப்ஸியில் கால் நீட்டிப் படுக்க முடியாது.

இங்கே ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். ஆம்னியின் மூலமான சுசுகி கேரி வரிசை, ஜப்பானில் 1980களிலேயே நான்கு சக்கர இயக்கத்துடனும் விற்கப்பட்டது. 1997இல் மகிந்திரா கொண்டுவந்த வாயேஜர் வேனின் மூலமான மிட்சுபிஷி டெலிக்காவுக்கும் அவ்வாறே நான்கு சக்கர வடிவம் இருந்தது. இந்தியாவுக்கு வந்த இரண்டும் இரு சக்கர இயக்கம் கொண்டவை. அதாவது, இந்த வேன்களுக்கு நான்கு சக்கர இயக்கம் பொருந்தாது என்று எந்தப் பொறியாளரும் முடிவு செய்யவில்லை. இந்தியச் சந்தையில் விலைபோகாது என்று விற்பனைத் துறை கணித்தது என்பதே பொருத்தமான விளக்கம். பின்னாளில் சட்டம் ‘உற்பத்தியாளர் முதலில் குறித்த விவரங்கள்’ என்று ஏறத்தாழப் புனிதப்படுத்திய வடிவத்துக்குள் இத்தகைய வணிகக் கணிப்புகளும் அடங்கியிருக்கின்றன.

இன்னும் பின்னால் சென்று பார்த்தால், உற்பத்தியாளரின் மூல வடிவம் என்ற கருத்தே ஆட்டம் காண்கிறது. 1940இல் அமெரிக்கப் படைக்காக பாண்டம் நிறுவனம் ஏழு வாரங்களில் முதல் ஜீப்பைக் கட்டியபோது, புத்தம் புதிதாக அச்சு வடிவமைக்க அவகாசம் இல்லை. ஸ்டூடிபேக்கர் சாம்பியன் என்ற சாதாரணக் காரின் அச்சை ஸ்பைசர் நிறுவனம் திருத்திக் கொடுக்க, அதைக்கொண்டே வேலை முடிந்தது. போருக்குப் பின் பிரிட்டனில் ரோவர் நிறுவனத்தின் தலைமைப் பொறியாளர் மாரிஸ் வில்க்ஸ், ஆங்கிள்சி தீவிலிருந்த தம் பண்ணையில் போர்க்கழிவு ஜீப் ஒன்றை ஓட்டிவந்தார். அதற்கு மாற்றாக ஏன் நாமே ஒன்று செய்யக்கூடாது என்ற எண்ணத்தில் 1947இல் உருவான முதல் மாதிரி, ஜீப்பின் சட்டகத்தின் மீது ரோவர் காரின் எஞ்சினை ஏற்றியது. 1948இல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் லேண்ட் ரோவர் அறிமுகமாயிற்று. இவ்விரு வண்டிகளின் வழித்தோன்றல்களே இந்திய மலைகளில் அரை நூற்றாண்டுக்கு மேல் ஓடின. ஒன்று கார் அச்சைத் திருத்திச் செய்தது. மற்றொன்று பண்ணை முற்றத்துக் கனவில் தொடங்கியது.

இந்தியாவில் இக்கதை போருக்கு முன்பே தொடங்குகிறது. 1928இல் ஜெனரல் மோட்டார்ஸ் பம்பாயில் வண்டிகளைப் பூட்டத் தொடங்கியது. அக்காலத்துப் பேருந்துகளும் லாரிகளும் சட்டகமாகவும் எஞ்சினாகவும் வந்து, உள்ளூர்த் தச்சர், கொல்லர் கையில் உடல் பெற்றன. ஆலையிலிருந்து முழுமையாக வெளிவரும் பொருள் என்ற பொருளில் ‘வாகனம்’ அன்று பெரும்பாலும் இல்லை. அது பட்டறையில்தான் நிறைவுற்றது. 1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் இந்த உலகத்தில் எழுதப்பட்டது. அச்சட்டத்தின் முதன்மைக் கவலை வேறு. ரயிலுக்கும் சாலைக்கும் இடையே மூண்ட போட்டியை 1933ஆம் ஆண்டு மிட்செல்-கிர்க்னஸ் அறிக்கை விவரித்திருந்தது. அப்போட்டியை உரிமங்களால் கட்டுப்படுத்துவதே நோக்கம். வாகனத்தை மாற்றுவது குறித்த பிரிவு அதன் ஓரத்தில் கிடந்த சிறு பிரிவு. பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் உண்மைக்குப் பொருந்தாமல் போகும்படி வண்டியை மாற்றினால் பதிவு அதிகாரிக்குத் தெரிய வேண்டும், சான்றிதழில் அந்த மாற்றம் ஏற வேண்டும். சட்டத்தின் கேள்வி, காகிதமும் வண்டியும் ஒத்துப்போகின்றனவா என்பதுதான். வண்டி அதன் ஆலையோடு ஒத்துப்போகிறதா என்று அது கேட்கவில்லை.

போர் எல்லாவற்றையும் பெருக்கியது. பர்மாப் போர்முனைக்காக அஸ்ஸாமிலும் வங்காளத்திலும் குவிந்த நான்கு சக்கர வண்டிகள் 1945க்குப் பின் படைக்குத் தேவையற்றுப் போயின. அவற்றை விற்றுத் தீர்க்கும் பொறுப்பு அரசின் டிஸ்போசல் துறைக்கு வந்தது. ‘டிஸ்போசல்’ என்ற அந்த அலுவலகச் சொல் அப்போது சந்தைக்கு இறங்கிவந்தது. பஞ்சாப் முதல் தமிழ்நாடு வரை, படை ஏலத்தில் கிடைக்கும் உதிரியை அதே பெயரால்தான் வணிகர்கள் இன்றும் அழைக்கின்றனர். லேடோ சாலையில் ஓடிய ஜீப்பின் முன் அச்சு, பத்தாண்டு கழித்து வேறொரு மாநிலத்தின் வேறொரு வண்டியில் பூட்டப்படுவதற்குத் தடையேதும் இருக்கவில்லை. இந்தப் பழைய வண்டிச் சந்தைக்கு நாட்டின் உயர்மட்ட அரசியலிலும் ஒரு நிழல் உண்டு. காஷ்மீர்ப் போர்க்காலத்தில், 1948இல், லண்டனிலிருந்த இந்தியத் தூதர் வி. கே. கிருஷ்ண மேனன் வழியாகப் புதுப்பிக்கப்பட்ட பழைய ஜீப்புகளை வாங்க ஒப்பந்தமாகி, வந்துசேர்ந்த 155 வண்டிகளும் பயனற்றவை என்று குற்றச்சாட்டு எழுந்தது. 1955இல் அரசு அவ்விவகாரத்தை முடித்துவைத்தது. விடுதலை இந்தியாவின் முதல் ஊழல் சர்ச்சை என்று நினைவுகூரப்படுவது, பட்டறையில் புதுப்பித்த வண்டிகளின் தரம் பற்றிய சர்ச்சையாகவும் இருந்தது என்பதை அரசியல் வரலாற்று நூல்கள் பெரிதாகக் கொள்வதில்லை.

1945இல் உருக்கு வணிக நிறுவனமாகத் தொடங்கி, 1948இல் பெயர் மாறிய மகிந்திரா அண்டு மகிந்திரா, வில்லிஸ் ஜீப்பைப் பம்பாயில் பூட்டி விற்கத் தொடங்கியது. பின்னர் அதையே இந்தியாவில் உற்பத்தி செய்தது. 1960களில் அதே ஜீப்பின் உறுப்புகளை வைத்து, ஓட்டுநர் அறை எஞ்சின் மேல் அமையும் எஃப்.சி. வரிசையை வெளியிட்டது. அவ்வரிசையில் சிற்றுந்துகளும் வேன்களும் வந்தன. இரு சக்கர இயக்கத்திலும் விற்றன. நம் கேள்விக்கு இது முக்கியமான இடம். இந்தியச் சாலையில் ஓடிய முதல் தலைமுறை வேன்களில் ஒரு பகுதி, நான்கு சக்கர இயக்கம் கொண்ட வண்டியிலிருந்து முன் அச்சை நீக்கிப் பிறந்தவை. அத்தகைய வேனுக்கு முன் அச்சைத் திரும்பப் பூட்டுவது, நீக்கியதை மீட்பது போன்ற செயலே. இரு சக்கர இயக்கத்தில் விற்ற மகிந்திரா ஜீப்புகளுக்கும் இது பொருந்தும். டிரான்ஸ்ஃபர் கேஸின் முன்புறத் திறப்பு வலப்பக்கமாக இருப்பதால் முன் அச்சின் டிஃபரன்ஷியல் குடமும் வலப்பக்கமாக இருக்க வேண்டும் என்ற ஒரே நிபந்தனையை நினைவில் வைத்தால், ஜீப் குடும்பத்துக்குள் உதிரிகள் தாராளமாக இடம் மாறின. அரியானா-பஞ்சாப் எல்லையிலுள்ள மண்டி டப்வாலி என்ற சிறுநகரம், டிஸ்போசல் உதிரிகளைக்கொண்டு ஜீப்புகளைப் புதிதாகக் கட்டித் தருவதற்கே நாடெங்கும் பெயர் பெற்றது.

1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பின் பெட்ரோல் விலை ஏறியதும் மாற்றியமைப்பின் நோக்கம் சற்றே திசை திரும்பியது. பெட்ரோல் எஞ்சினைக் கழற்றி டீசல் எஞ்சினை ஏற்றுவது எங்கும் நடந்தது. இதற்கு மிகத் துலக்கமான சான்று டார்ஜிலிங் மலையில் இருக்கிறது. மானேபஞ்சாங்கிலிருந்து 3,636 மீட்டர் உயரமுள்ள சந்தக்ஃபூ வரை சுமார் 31 கிலோமீட்டர் நீளும் கல்பாவிய பாதையில், 1950களைச் சேர்ந்த லேண்ட் ரோவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பயணிகளையும் அரிசி மூட்டைகளையும் சுமந்தன. தேயிலைத் தோட்டத்து ஆங்கிலேயர்கள் விட்டுச்சென்ற வண்டிகள் இவை என்று சுற்றுலா விளம்பரங்கள் பெருமையோடு சொல்கின்றன. அவற்றுள் பலவற்றின் எஞ்சின் மகிந்திராவின் டீசல் எஞ்சின் என்பதை அதே விளம்பரங்கள் அடக்கியே வாசிக்கும். உடல் சோலிஹலில் செய்தது, இதயம் இந்தியாவில் வார்த்தது, இடையிலுள்ள இணைப்புத் தகடுகள் மலைப்பட்டறையில் கடைந்தவை. இப்படி ஒரு வண்டியின் ‘உற்பத்தியாளர்’ யார்? மரபுடைமை என்று அதைப் போற்றுவோர் இக்கேள்விக்கு விடை சொல்லாமல் நழுவுகின்றனர்.

இந்த இடத்தில் ‘ஜுகாட்’ என்ற சொல்லைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வட இந்தியாவில் நீரிறைக்கும் டீசல் எஞ்சினை மரச்சட்டத்தில் ஏற்றி ஓட்டும் வண்டிக்கு வழங்கிய பெயர் அது. 2012இல் வெளிவந்த ‘ஜுகாட் இன்னொவேஷன்’ என்ற மேலாண்மை நூல் அதை உலகறியச் செய்தது. அதன்பின் இந்தியப் பட்டறை வேலை அனைத்தும் அச்சொல்லுக்குள் அடைக்கப்பட்டது. இந்தப் புகழ்ச்சியை நான் ஐயத்தோடே பார்க்கிறேன். கிடைத்ததை வைத்து எப்படியோ ஒப்பேற்றும் சாமர்த்தியம் என்று சொல்லும்போது, பற்களை எண்ணி, கோணம் அளந்து, ஷாஃப்டை அறுத்துப் பற்றவைத்துச் சமநிலை பார்த்த உழைப்பு மறைந்துவிடுகிறது. புகழ்பவரும் கண்டிப்பவரும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றனர்: இருவருக்கும் அது முறையற்ற வேலை. நீர் எஞ்சின் வண்டியும் மோட்டார் வாகனமே, சட்டத்துக்கு இணங்காமல் அது சாலையில் ஓடக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2013இல் கூறியது. அவ்வண்டிகளில் ஒழுங்கான பிரேக் இல்லாததால் நேர்ந்த சாவுகளை எண்ணினால் அத்தீர்ப்பைக் குறைசொல்வது கடினம். ஆனால் விகிதம் பொருந்திய அச்சும் பிரேக்கும் பூட்டிய ஒரு வேனை அவ்வண்டியோடு ஒரே பட்டியலில் வைப்பது வரலாற்றுப் பார்வையில் பிழை.

இனிச் சட்டத்தின் திருப்பம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, முதலில் எழுதப்பட்டபோது பழைய சட்டத்தின் உணர்விலேயே இருந்தது: அறிவிக்க வேண்டும், இசைவு பெற வேண்டும். எடை 2 விழுக்காட்டுக்குள் மாறினால் அதுவும் வேண்டாம் என்று சலுகைகூடக் கொடுத்தது. ஆனால் அடுத்த ஆண்டு வந்த மத்திய மோட்டார் வாகன விதிகள், ஒவ்வொரு உற்பத்தியாளரும் தம் வண்டியின் மாதிரியைப் புனேயிலுள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற சோதனை நிறுவனத்திடம் காட்டிச் சான்று பெற வேண்டும் என்ற முறையைக் கொண்டுவந்தன. ஒவ்வொரு வண்டியையும் ஆய்வாளர் நேரில் சோதிப்பதற்கு மாறாக, ஒரு மாதிரியைச் சோதித்து அதன் ஆயிரக்கணக்கான படிகளை நம்புவது இம்முறையின் அடிப்படை. மாதிரிக்குச் சான்று வந்தபின், படி மாதிரியிலிருந்து விலகுவது தன்னளவிலேயே ஐயத்துக்குரியதாகிறது. 2000ஆம் ஆண்டுத் திருத்தம் இதன் தொடர்ச்சியே. பதிவுச் சான்றிதழின் விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறித்தவற்றிலிருந்து மாறுபடும்படி எந்த உரிமையாளரும் வண்டியை மாற்றக்கூடாது என்று 52ஆம் பிரிவு திருப்பி எழுதப்பட்டது. எரிவாயு, மின்கலம் போன்ற வேறு எரிபொருளுக்கு மாற்றும் பெட்டகங்களுக்கு மட்டும் விலக்கு. தில்லியின் காற்று மாசு வழக்கும், பேருந்துகளை எரிவாயுவுக்கு மாற்றச் சொன்ன 1998ஆம் ஆண்டு உச்ச நீதிமன்ற ஆணையும் நாட்டின் கவனத்தை ஈர்த்திருந்த காலம் அது. காற்றுக்காக ஒரு கதவைத் திறந்தபோது மற்றக் கதவுகள் சேர்த்தே சாத்தப்பட்டன என்பது என் வாசிப்பு.

இரண்டு சொற்றொடர்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் மாற்றத்தின் ஆழம் தெரியும். முன்பு ஒப்பிடப்பட்டவை வண்டியும் சான்றிதழும். இப்போது ஒப்பிடப்படுபவை வண்டியும் உற்பத்தியாளரின் குறிப்பேடும். நடுவிலிருந்த பதிவு அதிகாரியின் விருப்புரிமை, அதாவது ஒரு மோட்டார் வாகன ஆய்வாளர் வண்டியின் அடியில் குனிந்து பார்த்து ‘சரி’ என்றோ ‘முடியாது’ என்றோ சொல்லும் அதிகாரம், வெளியேறிவிட்டது. அந்த அதிகாரம் கையூட்டுக்கு இடம் தந்தது உண்மை. அதோடு ஓர் அறிவும் வெளியேறிற்று என்பதும் உண்மை.

கேரளத்திலிருந்து எழுந்த ஒரு வழக்கில் 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. மாநில விதிகள் சில மாற்றங்களை அனுமதிக்கின்றன என்று கேரள உயர் நீதிமன்றம் கொண்டிருந்த கருத்தை அது ஏற்கவில்லை. விதி சட்டத்துக்குக் கீழ்ப்பட்டது, சட்டமோ உற்பத்தியாளர் குறித்ததை மாற்றாதே என்கிறது. நிறம் மாற்றுவது, அதே திறனுள்ள எஞ்சினை உரிய அனுமதியோடு மாற்றுவது போன்றவை மட்டும் தப்பின. கேரளத்தின் இடுக்கி, வயநாட்டு மலைகளில் ஜீப் என்பது பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் போகும் வழி. நகரத்தில் விலையுயர்ந்த அலங்கார வண்டிகளைக் கட்டும் செல்வந்தரை மனத்தில் வைத்து இத்தீர்ப்பை வரவேற்ற நாளிதழ் வாசகர்கள், மலையேறும் ஜீப்பின் முன் அச்சைப் பற்றி நினைத்திருக்க வாய்ப்பில்லை. அதே ஆண்டுத் திருத்தம் தண்டனையையும் எழுதிச் சேர்த்தது. அதே ஆண்டில், புதிய மோதல் பாதுகாப்பு விதிகள் நெருங்கிய நிலையில், ஆம்னியின் உற்பத்தியும் நின்றது.

மறுபக்கத்தை இலேசாகக் கடந்துவிட எனக்கு விருப்பமில்லை. உயர்த்தப்பட்ட வேன் வளைவில் கவிழ்ந்தால் சாவது ஓட்டுநர் மட்டுமன்று, எதிரே வருபவரும்தான். முன் அச்சைத் தாங்கும் பற்றவைப்பு வலுவானதா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்லிவிட முடியாது. காப்பீட்டு நிறுவனம் தான் அறியாத வண்டிக்கு இழப்பீடு தர மறுப்பதில் தர்க்கம் உண்டு. அரசின் கவலை போலியானதன்று. ஆனால் இக்கவலைக்கு இரண்டு விதமாகப் பதில் சொல்லியிருக்கலாம்: தனி வண்டியைச் சோதித்துச் சான்றளிக்கும் திறனை வட்டார அலுவலகங்களில் வளர்த்திருக்கலாம், அல்லது மாற்றத்தையே குற்றமாக்கலாம். முதலாவதற்குப் பயிற்சியும் கருவியும் ஆளும் பணமும் வேண்டும். இரண்டாவதற்கு ஒரு வரி போதும். அந்த ஒரு வரியால் மாற்றம் நின்றுவிடவில்லை. சான்றிதழில் ஏறுவதுதான் நின்றது. மாற்றப்பட்ட வண்டிகள் இன்றும் ஓடுகின்றன, சோதிக்கப்படாமல்.

வரலாற்று மாணவர்களுக்கு இதில் தனியாக ஓர் இழப்பு இருக்கிறது. பழைய பதிவுச் சான்றிதழ், நாம் ஆர்.சி. புத்தகம் என்று சொல்லும் அந்தச் சிறு ஏடு, 1939 முதல் 2000 வரை மாற்றங்களைத் தன் பக்கங்களில் ஏற்றுக்கொண்ட ஆவணம். எந்த ஆண்டு பெட்ரோல் டீசலாயிற்று, எப்போது இருக்கை கூடிற்று, எந்த அலுவலகம் எந்த வட்டாரத்தில் எதற்கு இசைவு தந்தது என்பதெல்லாம் கையெழுத்திலும் முத்திரையிலும் அதில் கிடக்கின்றன. ஆவணக் காப்பகங்கள் இவற்றைச் சேகரிப்பதில்லை. வண்டி உடைக்கப்படும்போது புத்தகமும் போய்விடுகிறது. பட்டறைகளுக்குக் கணக்கேடு இல்லை, ஆலைகளுக்கு இவ்வண்டிகள் தம் வண்டிகளாகத் தோன்றுவதில்லை. ஆகவே இந்தியாவில் வாகனத்தை மாற்றியமைத்தவர்களின் எழுத்துச் சான்றில் பெரும்பகுதி, தனிவீடுகளின் இரும்புப் பெட்டிகளில் இருக்கும் இந்த ஏடுகளே.

மாற்றக் குறிப்பு உள்ள ஆர்.சி. புத்தகங்களின் படங்களைத் தொகுக்கும் பணியில் இப்போது இருக்கிறேன். 2000க்கு முந்தைய ஜீப், மெட்டடோர், எஃப்.சி. வேன், லேண்ட் ரோவர் எதுவாயினும் சரி. வீட்டிலோ தோட்டத்திலோ அப்படி ஒன்று இருந்தால், உரிமையாளர் பெயரையும் முகவரியையும் மறைத்துவிட்டு, மாற்றம் பதிவான பக்கத்தை மட்டும் படமெடுத்து அனுப்புங்கள். எந்த வட்டார அலுவலகம், எந்த ஆண்டு என்பது தெரிய வேண்டும். முன் அச்சு பூட்டியதற்கான இசைவு எதிலேனும் எழுதப்பட்டிருந்தால், அப்பக்கத்தோடு வண்டியின் அடிப்பாகத்தின் படமும் இருந்தால் நன்று.